மறந்தால் அழு

கற்பிட்டி,
புதன்கிழமை.

அன்புள்ள அம்மா,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? மருந்தை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

ஞாயிறு ஆராதனையில் நான்தான் பிரசங்கம். பாதியில் எல்லாம் மறந்துபோயிற்று. எனக்குப் பிரசங்கம் பழக்கும் போதகர் எட்வின் இதற்கும் வழி சொல்லித் தந்திருந்தார்: "மறந்தா அழுதிடு தங்கச்சி. ஆவியானவர் அசைவாடுறார் எண்டு சனம் நினைக்கும்." முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துச் சைகையும் காட்டினார். நான் அழவில்லை. "மறந்துட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கருவாடு போடும் மார்த்தா அக்கா வாசலில் என் கையைப் பிடித்தார். "இண்டைக்குத்தான் அந்த மேடையில ஒராள் உண்மை சொல்லிக் கேட்டன்" என்றார்.

போதகருக்குக் கோபம். மூன்று மாதத்துக்கு நான் மேடை ஏறக் கூடாதாம். இருக்கட்டும். அக்காவின் கருவாட்டுப் பந்தலில் நின்று பேசுவேன். சபைக்கு முன்னால் நடித்து அழ மாட்டேன். நீங்கள் என்னை அப்படி வளர்க்கவில்லை.

ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரிடமாவது தலையணை உறை இரண்டு கொடுத்துவிடுங்கள். இருப்பது ஒன்றுதான், விடியும்போது நனைந்து கிடக்கிறது, அடிக்கடி தோய்க்க வேண்டியிருக்கிறது. இங்கே உப்புக்காற்று, அதனால்தான்.

உங்கள் மகள்
யூனிஸ்