ரசத்தில் கலந்த மாத்திரை

தை மாதம், வியாழன் இரவு.

குடியை விட்ட முருகேசனைப் பார்க்க வடகவுஞ்சிக்குப் போனேன். நானும் குடியிலிருந்து மீண்டவன் என்பதால் என்னிடம் மனம்விட்டுப் பேசுவான். அவன் பூண்டுக் காட்டிலிருந்து வருவதற்குள் அவன் மனைவி செல்வி ஒன்று சொன்னாள். குடியை நிறுத்தும் மாத்திரையை அவனுக்குத் தெரியாமல் ரசத்தில் கலக்கிறாளாம். எனக்குச் சுர்ரென்றது.

"மாத்திரை உள்ள போனது தெரியாம அதுக்கு மேல சாராயம் குடிச்சான்னா உசுருக்கே ஆபத்தும்மா. நானே அப்பிடி ஆஸ்பத்திரியில கெடந்தவன். இன்னைக்கே சொல்லிருங்க."

"சொன்னா வீட்டுல சாப்புடவே மாட்டாருண்ணே."

"சாப்புடுவான். நான் சொல்றேன்ல."

அவன் வந்து சோற்றில் கை வைத்ததும் செல்வி சொல்லிவிட்டாள். முருகேசன் நிமிரவேயில்லை.

"மொத நாளே ரசம் கசந்துச்சு, அப்பவே புரிஞ்சுக்கிட்டேன். அதான் கடைப் பக்கம் போகாம வெள்ளனே வீட்டுக்கு வர்றேன். நாளைலருந்து கையிலயே குடு."

பிறகு இன்னொரு கரண்டி ரசம் கேட்டான்.