பண்ணைக்குக் கொண்டுபோன சளி

இயேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்
25.10.1978

அன்புள்ள அப்பாவுக்கு, பெலிக்ஸ் வணக்கத்துடன் எழுதுவது. மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று எழுதாமல் உள்ளதை எழுதுங்கள்.

நான் வரவில்லை என்ற தந்தி கிடைத்திருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, காரணம் இதுதான்.

மூன்று வாரம் முன்பு எனக்குச் சளிக்காய்ச்சல். சளி பிடித்தவர் பண்ணைக்குப் போகக்கூடாது என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் விதி. ஒரு நாள் வீணாகுமே என்று மாத்திரை போட்டுக்கொண்டு, பொங்கோலில் உள்ள பன்றிப் பண்ணைக்குப் போய்ப் பன்றிகளின் மூக்குச்சளியைச் சோதனைக்கு எடுத்து வந்தேன். நான்காம் நாள் அங்கே பன்றிகள் இரும ஆரம்பித்தன. மறுபடி சளி எடுத்து, அதிலுள்ள கிருமியைக் கோழிமுட்டையில் வளர்த்துப் பார்த்தால், மனிதரிடம் பரவும் அதே ஃப்ளூ கிருமி. கூட வேலை செய்யும் தனசேகரன் அண்ணன், "பன்னிகிட்டேர்ந்து நமக்கு வருதான்னு தேடுறோம். நீ போய்க் குடுத்துட்டு வந்திருக்கே லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்றிலிருந்து மறுபடி தொண்டை கரகரக்கிறது. வெறும் சளியாகவும் இருக்கலாம். அந்தப் பன்றிகள் பிழைத்துக்கொண்டன. உங்கள் நுரையீரலை நம்பி விமானம் ஏற எனக்குத் துணிவில்லை.

என்னிடம் இருந்த அம்மா படம் ஈரத்தில் ஒட்டிப்போயிற்று, வேறொன்று அனுப்புங்கள். கல்லறைத் திருநாளன்று தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு போங்கள். அம்மா போனபின் வரும் முதல் திருநாள். என் மெழுகுவர்த்தியையும் நீங்களே ஏற்றி, நான் ஏன் வரவில்லை என்று அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

தபால் எடுக்கும் நேரம்.

பெலிக்ஸ்