மச்சான் கடைக் காப்பித்தூள்

தாது வருஷம், ஐப்பசி 12.

பள்ளிக்கூடம் விட்டதும் சோளக்காடு ஊரில் இருக்கும் மச்சான் கடைக்குப் போனேன். என் மனைவியின் அண்ணன். அவர் இல்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி எனக்குக் காப்பி போட்டாள். அவள் கையில் இருந்தது என் பித்தளை பில்டர். சேலத்தில் வாங்கி, துண்டில் சுற்றி, மலைமேல் நானே சுமந்து வந்தது. அடியில் 'பழனியம்மாள்' என்று என் மனைவியின் பெயர் வெட்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் அதில் ஒரு நாளும் டிகாக்ஷன் ஒழுங்காக இறங்கியதில்லை. "துளை சரியில்லீங்க மாப்பிள்ளை, பழைய பித்தளைக்குப் போட்டரலாமுங்க" என்று போன மாசம் மச்சான்தான் வாங்கிப் போனார்.

இங்கே தாராளமாக இறங்கியது. எப்படி என்று கேட்டேன்.

"இது ஊட்டுக்குன்னு தனியா அரைச்சதுங்கண்ணா. கடைத்தூள்ல புளியங்கொட்டை சேருதில்லீங்களா, அது கொழகொழன்னு அடைச்சுக்கும்" என்றாள், எனக்கும் தெரியும் என்று நினைத்து.

கூடப் பிறந்தவளுக்கும் கடைத்தூளைத்தான் கொடுத்திருக்கிறார். ஆறு மாசம் அவள் தினமும் அந்த பில்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். காப்பி போடத் தெரியாதவள் என்று நானும் தினமும் ஏசினேன்.

கொடுத்த காப்பியைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது. அதுதான் ஆத்திரம்.

வீட்டுக்கு வந்ததும் பழனியம்மாள் கேட்டாள். "ஏனுங்க, அண்ணன் ஊட்டுல காப்பி குடிச்சீங்களா? அண்ணி நல்லாப் போடுவாங்க. எனக்குத்தான் கை வரமாட்டேங்குது."

சொன்னால் இரண்டையும் சொல்ல வேண்டும். அவள் அண்ணன் செய்ததையும், நான் அநியாயமாக ஏசியதையும். இன்னும் சொல்லவில்லை.