அன்யாங் கதையை எனக்குச் சொன்னது நீதானே

அன்பு மகன் ஆஸ்டினுக்கு போபோடியிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது, மற்றபடி வீட்டில் குறை ஒன்றும் இல்லை. நீயும் அங்கே குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிறோம். வாரா வாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை குறுக்கே பேசுவாய், மாட்டிக்கொண்டால் சிக்னல் போய்விட்டது என்பாய், காகிதத்தில் அந்த வித்தை செல்லாது. முக்குக் கடை ஜம்பு மாமாவின் மகள் ப்ரீதி கம்பெனி வேலையாக வியாழக்கிழமை கொரியா வருகிறாள், அவள் பெட்டியில் முறுக்கு, இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாவற்றோடும் இதையும் வைத்திருக்கிறேன். தமிழ் படிக்கத் திணறுவாய், தெரியும். அந்த ஊர் வட்டத்தையும் கோட்டையும் ஆறு மாதத்தில் படித்துக்கொண்டவனுக்குப் பெற்றவள் எழுத்து மட்டும் கசக்குமா? எழுத்துக் கூட்டிப் படி. முறுக்கைக் கடித்துக்கொண்டே படித்தாலும் சரி, ஆனால் முழுவதும் படி.

முதலில் வீட்டுச் செய்தி. கோர்படியில் உன் அக்கா அலினா சுகம், அவள் பிள்ளைக்கு முன்பல் இரண்டு முளைத்துவிட்டது, கண்டதையெல்லாம் கடிக்கிறான், உன்னைப் போலவே. சர்ச்சில் கேரல் பிராக்டீஸ் தொடங்கிவிட்டது, இந்த வருஷமும் ஆண்கள் பக்கம் குரல் போதவில்லை, அப்பாவே மூன்று பேருக்குப் பாடுகிறார். நதிப் பக்கத்துச் சந்தில் மறுபடியும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ரிக்‌ஷாக்காரன் எவனும் உள்ளே வரமாட்டேன் என்கிறான், காய்கறிப் பையோடு நான் நடந்துதான் வருகிறேன். இதெல்லாம் சுகச் செய்தி. இனி எழுதப்போவதுதான் விஷயம், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை. நம் ஈவ்னிங் ஸ்டார் கால்பந்து அணியை அந்த பில்டர் நகரத்தின் மறுகோடியில் லோஹேகாவ் பக்கம் தன் புது டவுன்ஷிப்புக்குக் கொண்டுபோகப் போகிறார், பெயரையும் டவுன்ஷிப் பெயராக மாற்றப் போகிறார், லீகில் நமக்கு இருக்கிற இரண்டாம் டிவிஷன் இடமும் அவருக்கே போகும். மூன்று வருஷம் ஷூவும் ஜெர்சியும் வாங்கிக் கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகப் பெண் பார்க்க வந்தவன் வீட்டையே எழுதிக் கேட்பதா? கமிட்டியில் அப்பாவும் கோச் ரோஹனும் சம்மதம் என்றார்கள், ஜம்பு மாமாவும் ஆரோக்கியமேரி அக்காவும் முடியாது என்றார்கள், ஐந்தாவது ஆள் நீ. ஊரைவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகியும் கமிட்டியிலிருந்து உன் பெயரை யாரும் எடுக்கவில்லை, அன்புக்காகத்தான் எடுக்கவில்லை, இப்போது அதுவே வினையாகி எல்லாம் உன் ஒரு ஓட்டில் வந்து நிற்கிறது. மாசக் கடைசிக்குள் நீ பதில் எழுத வேண்டும். அதற்கு நீ, நான் சரி என்றுதான் எழுதப் போகிறேன், பிராக்டிகலாக யோசிம்மா, பசங்களுக்கு நல்ல கிரவுண்ட் கிடைக்கும், அதே பிளேயர்ஸ், அதே டீம், இடம் மட்டும்தானே மாறுது என்று சொன்னாய். போனை வைத்த பிறகும் இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கே கேட்டேன் தெரியுமா? உன்னிடம்தான். கொரியாவில் அந்த அன்யாங்குக்குப் போய்ச் சேர்ந்த முதல் வருஷத்திலிருந்து அந்த ஊர் அணியின் கதையைச் சொல்லிச் சொல்லி என் காதைத் துளைத்தவன் நீ. கால்பந்தில் கோல் விழுந்தால் கைதட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாதவள் நான், இன்றைக்கு என்னை எழுப்பிக் கேட்டாலும் அந்தக் கதையை ஒப்பிப்பேன். அன்யாங்கில் ஒரு அணி இருந்தது, ஒரு பெரிய கம்பெனியுடையது, ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பாடியது. 2004இல் அதைத் தூக்கிக்கொண்டு சியோலுக்குப் போய்விட்டார்கள். அந்த அணி 1996இல் சியோலிலிருந்து வந்ததுதானே, சொந்த வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று நியாயம் வேறு பேசினார்கள் என்று நீ பல்லைக் கடித்தாய். அதே பிளேயர்ஸ், பெரிய ஸ்டேடியம், பெரிய ஊர், எல்லாம் வளர்ச்சி. ஆனால் எட்டு வருஷம் மழையிலும் பனியிலும் தொண்டை கிழியக் கத்தினவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று என்னிடம் நீதான் கேட்டாய். மேட்சில் உன் பக்கத்து இருக்கையில் உட்காருகிற அந்த அக்காவைப் பற்றியும் சொன்னாய், அணி போனபோது பள்ளிக்கூடப் பிள்ளையாம், அதற்குப் பிறகு ஊருக்கு அணியே இல்லாத ஒன்பது வருஷமும் வேறு எந்த அணிக்கும் கைதட்டவில்லையாம். அணி போய்விட்டது, ரசிகர்கள் மட்டும் இருந்தார்கள். உலகத்தில் இப்படி உண்டா என்று நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. பிறகு அவர்கள் அலையாய் அலைந்து, மாநகராட்சியைப் பிடித்து, 2013இல் ஊர்ப் பெயரிலேயே புது அணி வந்தது, அந்த ஊர் திராட்சைக்குப் பேர்போனது என்று சட்டைக்கு ஊதா நிறம், கீழ் டிவிஷனில் தொடக்கம். மேலே ஏறி வரப் பதினோரு வருஷம் ஆனது. இந்த ஆகஸ்டில் சியோலுக்கே போய் சியோலை ஜெயித்த அன்று நீ போன் போட்டாய், ஸ்கோரையே திரும்பத் திரும்பச் சொன்னாய், அழுகிறாயோ என்று நான் பயந்தே போனேன். அப்பாவைக் கூப்பிட்டு, இவங்க ஜெயிச்சிட்டாங்களாம் என்று சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. அப்படிப்பட்டவன் நீ, போபோடி விஷயம் என்றதும் பிராக்டிகலாகப் பேசுகிறாய். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதான். அன்யாங்கில் கம்பெனி செய்தால் துரோகம், போபோடியில் பில்டர் செய்தால் வளர்ச்சியா? அந்தக் கம்பெனிக்காரன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது யார் என்று கண்ணாடியில் பார். சரி என்று எழுதுவதாக இருந்தால் எழுது, ஆனால் கழுத்தில் இருக்கிற அந்த ஊதாத் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுது.

நான் பார்க்காமல் பேசவில்லை. பில்டர் பஸ் விட்டார், நாங்களும் குடும்பங்களாகப் போய் அந்த கிரவுண்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். பச்சைப் பசேல் என்று கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது, அழகுதான், பொய் சொல்ல மாட்டேன், ரோஹன் குனிந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தான், அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தலைக்கு மேலே ஏர்போர்ஸ் விமானம் போனால் பக்கத்தில் பேசுவது காதில் விழாது. அன்றைக்கு ஒரு பிராக்டீஸ் மேட்ச் வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல் பாதி ஆட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்க எலுமிச்சம்பழம் நறுக்கி உப்புப் போட்டு டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். கேட்டில் நின்ற வாட்ச்மேன் பாஸ் எங்கே என்றான். பாஸ் ஃபிளாட் வாங்கினவர்களுக்குத்தானாம், நாங்கள் இன்றைக்கு மட்டும் விருந்தாளிகளாம். பிறகு என் டப்பாவைத் திறந்து பார்த்து, பாஹர் கா கானா நஹி சலேகா என்றான். ஆஸ்டின், நீ ஷூ லேஸ் கட்டத் தெரியாத வயதிலிருந்து இந்த அணியின் சட்டையில் சேறு போகத் துவைத்தவள் நான். என் எலுமிச்சம்பழம் வெளிச் சாப்பாடாம். நான் அங்கேயே கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பார்க்கப் பார்க்க, டப்பாவில் இருந்ததை எல்லாம் நானே தின்றேன். பல் கூசிவிட்டது, மூன்று நாள் வெந்நீர்கூடக் குடிக்க முடியவில்லை, அது வேறு விஷயம். ஆரோக்கியமேரி அக்கா சும்மா இருப்பாளா, எங்க பிள்ளைய நாங்க பாக்கதுக்கு இவன் யாருல பாஸ் கேக்க என்று திருநெல்வேலியையே இறக்கிவிட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் இரண்டடி பின்னால் போனான். இங்கே நம் மைதானத்தில் புல் கிடையாது, உண்மை. ஆனால் ரயில் தண்டவாளம் தாண்டி வருகிறவன், வடாபாவ் விற்கிறவன், ஷிப்ட் முடிந்து போகிறவன் எல்லோரும் நின்று ஆட்டம் பார்த்துத் திட்டிவிட்டுத்தான் போவார்கள், யாரிடமும் யாரும் பாஸ் கேட்டதில்லை. புல்லுக்காக இதைக் கொடுப்பது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது.

அப்பாவைத் தப்பாக நினைக்காதே. ஃபேக்டரியில் இருந்த காலத்திலிருந்து இந்த அணிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிக் கையேந்தி அவர் களைத்துவிட்டார், என்னால் இனி முடியாதுடி வேதா என்றார். அது நிஜம், எனக்கும் மனசு கஷ்டமாக இருந்தது. அவர் முடியாது என்றால் முடியாதுதான், அதற்காக ஊரே முடியாது என்று ஆகுமா? திரும்பி வந்ததும் நாங்கள் பெண்கள் எல்லோரும் வீட்டில் கூடிப் பேசினோம், நம் முன்னறையில் இடம் போதாமல் சமையலறை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். கமிட்டிதான் முடிவு செய்யணும், நாம யாரு என்று பவுன் கேட்டாள், அவளைத் தெரியுமே, கோல்கீப்பர் கிருஷ்ணாவின் அம்மா. நான் எழுந்து அன்யாங் கதையைச் சொன்னேன். நீ சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன், கொரியாக்காரர்கள் பெயர் மட்டும் வாயில் நுழையவில்லை. அணி யாருடையது என்று கேட்டால் காகிதத்தில் ஒரு பெயர் இருக்கும், போகட்டும், அந்த ஊரிலும் காகிதத்தில் பெயர் இருந்தவர்கள் போய்விட்டார்கள், ஒரு வார்த்தை கேட்கப்படாதவர்கள்தான் நின்றார்கள் என்று சொன்னேன். அப்புறம் பவுன், சரி, அவங்க கொண்டுபோனா நாம கீழேருந்து புதுசா ஆரம்பிப்போம், என் பையன் எங்கயும் போக மாட்டான் என்றாள். கிருஷ்ணா வாசலில் நின்று தலையை ஆட்டினான், அவனுக்கு மூச்சிரைப்பு இருக்கிறது, ஆனாலும் கோலில் நிற்பான். இன்னும் எட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெயருக்குச் சண்டை வந்தது, ஆளுக்கொன்று சொன்னார்கள், கடைசியில் ஊர்ப் பெயர் மட்டும் போதும் என்று முடிவானது, அதை எந்த பில்டரும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. அதுவரை பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்த அப்பா, கடைசி டிவிஷனுக்குப் பெயர் கொடுக்க டிசம்பர் நடுவோடு சரி, விட்டா ஒரு வருஷம் போச்சு என்று பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னார். அன்று இரவு அவருக்கு இரண்டு தோசை அதிகமாக ஊற்றினேன்.

ஆகவே தம்பி, நீ சரி என்று எழுதினாலும் இல்லை என்று எழுதினாலும் போபோடியில் ஒரு அணி இருக்கும். உன் ஓட்டுக்காக நான் கெஞ்சவில்லை, அதை முதலில் புரிந்துகொள். இல்லை என்று எழுதினால் ஈவ்னிங் ஸ்டார் இங்கேயே ஆடும். சரி என்று எழுதினால் ஈவ்னிங் ஸ்டார் போகும், நாங்கள் போக மாட்டோம். உன்மேல் கோபம் இருக்காது என்று எழுத நினைத்தேன், அது பொய், கோபம் இருக்கும், நீ லீவில் வந்தால் சோறு போடுவேன், மீன் பொரித்துக் கொடுப்பேன், முகம் கொடுத்துப் பேச மாட்டேன். நாங்கள் ஏறி வரப் பதினோரு வருஷம் ஆகலாம், எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது, பல் இருக்குமோ இருக்காதோ, வாய் இருக்கும். அந்தப் பச்சைக் கம்பளத்துக்கே போய் அவர்களை ஜெயிக்காமல் நான் பரலோகத்துக்குப் போவதாக இல்லை, ஆண்டவரிடமும் சொல்லிவிட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேலையில் நல்ல பெயரும் நல்ல தூக்கமும் நல்ல புத்தியும் தருவாராக, மூன்றாவதற்காக இந்த மாதம் கூடுதலாக ஜெபிக்கிறேன். குளிருக்குத் தரைக்கு அடியில் சூடேற்றுகிறார்களே, அதில் வெறுமனே படுக்காமல் போர்வை விரித்துப் படு, காலையில் ஏதாவது தின்றுவிட்டு வேலைக்குப் போ, ஊறுகாயை ஈரக் கரண்டியால் எடுக்காதே. உன் பக்கத்து இருக்கை அக்காவுக்கும் முறுக்கில் பாதி கொடு, போபோடியில் இருக்கிற அம்மா கொடுத்தாள் என்று சொல். அவள் முகத்தைப் பார்த்து இந்தக் கடிதத்தில் இருப்பதை ஒரு வார்த்தை விடாமல் சொல், எங்களை என்ன செய்யச் சொல்கிறாள் என்று அவளைக் கேள், கேட்ட பிறகு கமிட்டிக்குப் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
தே. வேதமணி,
செயலாளர், போபோடி எஃப்.சி.