தெற்குத் தெருப் பிள்ளைகளின் காய்ச்சல்

12 ஜூலை 1961, புதன்

பஞ்சாயத்து பிரசிடெண்ட் தன் கொட்டகையைப் பால்வாடிக்குச் சும்மா கொடுத்தபோதே எனக்கு உறுத்தியது. மூன்று நாளாகத் தெற்குத் தெருப் பிள்ளைகள் ஏழு பேரும் வரவில்லை. காய்ச்சல் என்றார் அவர். ஏழு பேருக்கும் ஒரே நாளிலா? சாயங்காலம் நேரே போய்ப் பார்த்தேன். ஏழும் புழுதியில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன.

"காய்ச்சலெல்லாம் இல்லைங்க டீச்சர்," என்றாள் அந்த ஏழில் ஒருத்தியான செல்லியின் அம்மா. "அய்யா வீட்டுப் பிள்ளைகளோட ஒக்காரக் கூடாதுன்னு ஆள்விட்டுச் சொன்னாக. அனுப்புனா களையெடுக்கக் கூப்பிட மாட்டாகளாம்."

நான் அங்கே போனது இந்நேரம் பிரசிடெண்டுக்குத் தெரிந்திருக்கும். என்னை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி மேலே எழுதுவாரோ என்னவோ. அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் இந்த ஏழு பேர் மட்டும் விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது. நாளை மத்தியானம் பாயும் சிலேட்டுமாகத் தெற்குத் தெருவுக்கே போகிறேன். களை வேலை போய்விடுமென்ற பயத்தில் இருக்கும் அந்த அம்மாக்கள் பிள்ளைகளை என் பக்கத்தில் உட்காரவிடுவார்களா என்றுதான் தெரியவில்லை.