ஐந்தாவது தடவை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

நீ அனுப்பிய பட டிவிடி ஓடிவிட்டது அம்மா. படம் ஓடிய சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்கே நான் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் முதலில், வேறு நாட்டு டிஸ்க் என்று அடம்பிடித்தது. அதை விற்ற தமிழ்க் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டுல ஓடாதபடி பூட்டு போட்டிருக்காங்க. அதை உடைக்க சாஃப்ட்வேர் இருக்கு தம்பி, ஆனா இங்க அது சட்டப்படி குத்தம். முறையா கம்ப்யூட்டர்லயே நாட்டை மாத்திக்கலாம், மொத்தமே அஞ்சு தடவைதான். முன்னாடி வச்சிருந்தவர் நாலை முடிச்சிட்டார்" என்றார்.

ஐந்தாவதை நம் நாட்டுக்கே கொடுத்துவிட்டேன். இனி இந்த ஊர்ப் படம் இதில் ஓடாது, நீதான் அனுப்ப வேண்டும். கூடவே ஒரு போர்வையும் வை.

வசனம் வருவதற்கு முன்பே நீ சிரித்துவிடுவாயே, அந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் மறுபடி ஓடவிட்டேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகன்