வாய் காய்ந்த காரணம்

செர்வாவின் அப்பாவுக்கு,

குழந்தை இப்போதுதான் தூங்கினாள். டார்க்வா சுரங்கத்துக்குப் போனபிறகு உங்கள் இருமல் குறைந்ததா?

என் கடைவாய்ப் பற்களில் மூன்று சொத்தையாகிவிட்டன. சில மாதங்களாக வாய் காய்ந்துகொண்டே இருந்தது. அதற்காகச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட புளிப்புச் சோபோலோப் பூச்சாற்றை நாள் முழுவதும் மிடறு மிடறாகக் குடித்தேன். "வயித்துல மீன் வளக்கிறியாடி?" என்று உங்கள் அம்மா கேலி செய்வார்.

இன்று பல் டாக்டரிடம் அவரும் கூட வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "எச்சில்தாம்மா பல்லுக்குக் காவல். உனக்கு அது ஊறவே இல்லை. ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா?" என்றார்.

செர்வா பிறந்ததிலிருந்து ஏன் அழுகிறாய் என்று நீங்கள் போனில் கேட்பீர்கள். தூக்கமில்லை என்பேன். அந்த அழுகைக்கு ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த மாத்திரையை மரவள்ளி மாவு டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். உங்கள் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அதன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"அதுதான் வாயைக் காய வைக்குது. ஆனா நீயா நிறுத்திடாதே. எழுதித் தந்தவங்ககிட்ட வாய் காயுதுன்னு சொல்லு. இனிமே வெறும் தண்ணிதான்," என்றார் டாக்டர்.

வரும் வழியெல்லாம் உங்கள் அம்மா என்னைப் பைத்தியக்காரி என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சோபோலோப் பானையை வாசலில் கவிழ்த்தார்.

"அவன்கிட்ட நீயே எழுது. நான் போன்ல சொன்னா தெருவுக்கே கேக்கும்," என்றார்.

சற்றுமுன் தண்ணீரும் மாத்திரையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். மாத்திரை டப்பா இப்போது உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. நீங்கள் வரும்போதும் அது அங்கேயே இருக்கலாமா? எழுதுங்கள்.

உங்கள் மகளின் அம்மா